தாதாவுக்கும் விசில்! போலீசுக்கும் விசில்!

போலீஸ் படை துப்பாக்கியும் கையுமாகக் கிளம்பிக் கொண்டிருக்கிறது. தாதா வேதாவை இன்று விடுவதில்லை என்று முடிவு!

அந்த நேரம் பார்த்து ஒரு ஆசாமி சாவகாசமாக உள்ளே நடந்து வருகிறான். யார் அவன்?

சாட்சாத் வேதாவேதான்! சரண் அடைய வந்திருக்கிறான்.

தியேட்டரில் விசில் பறந்தது!

2017-ம் ஆண்டு ஜூலை 21-ந்தேதி திரைக்கு வந்த ‘விக்ரம் வேதா’ படத்தில்தான் இந்தக் காட்சி. வேதாவாக விஜய் சேதுபதி. ‘என்கவுண்டர்’ அதிகாரி விக்ரமாக மாதவன். டைரக்ஷன், புஷ்கர்-காயத்ரி தம்பதி.

மிடுக்கும் நக்கலும்

மாதவனுக்கு வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த நடை. நல்லவன் இந்தப் பக்கம், கெட்டவன் அந்தப் பக்கம் என்பது அவர் கணக்கு. சுட்டதைப் பற்றி உறுத்தலே கிடையாது.

விஜய் சேதுபதி நேர் எதிர். கத்துவதில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி நக்கலாகச் சிரிக்கிறார். விசாரணை அறையில் உட்கார்ந்துகொண்டு, போலீசுக்கே கதை சொல்கிறார்!

விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளம் செய்த வேலைதான். கதை முடிந்ததும் ஒரு கேள்வி. குற்றவாளி யார்? அடித்தவனா, அடிக்கச் சொன்னவனா? அதிகாரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செத்தவன் யார்?

படம் தொடங்கும்போதே ஒரு என்கவுண்டர். செத்தவர்களில் ஒருவன் கையில் ஆயுதமே இல்லை. கேசை ஜோடித்து முடித்து விடுகிறார்கள்.

‘ரவுடிதானே, தொலையட்டும்’ என்று நாமும் விட்டு விடுகிறோம்.

அப்புறம் வேதா கதை சொல்லச் சொல்ல, செத்தவனுக்கு ஒரு அண்ணன் இருப்பது தெரிகிறது. ஒரு காதலி இருப்பது தெரிகிறது. வயிற்றைப் பிசைகிறது!

‘போலீசார் தற்காப்புக்காகச் சுட்டதில் ரவுடி பலி.’ டீக்கடையில் நீங்கள் எத்தனை தடவை படித்திருப்பீர்கள்? எழுதியது என்னைப் போன்ற நிருபர்தான். போலீஸ் சொன்னதை எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். செத்தவன் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சட்டம் அப்படி விட்டுவிடவில்லை. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு 16 நெறிமுறைகள் வகுத்தது. என்கவுண்டரில் ஆள் செத்தால் எப்.ஐ.ஆர். போட வேண்டும். சி.ஐ.டி.யோ, வேறு போலீஸ் நிலையக் குழுவோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டு விசாரணையும் நடக்க வேண்டும். செத்தவன் ரவுடி என்றாலும் இதுதான் விதி.

முடிவு என்ன?

2022-ல் இதே தம்பதி இந்தியிலும் எடுத்தார்கள். அங்கே ஹிருத்திக் ரோஷன், சயீப் அலிகான்.

கடைசியில் இருவரும் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். கையில் துப்பாக்கி! சுட்டது யார்? படம் சொல்லவில்லை.

விசில் அடித்தவர்கள்தான் வேதாளத்தைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்!