மீடியா சர்வர் நின்றால் யார் சொல்வது?

சினிமா, பாட்டு, குடும்ப வீடியோ எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்து, வீட்டு டிவியிலும் மொபைலிலும் பார்க்க வழி செய்வதே மீடியா சர்வர். 2018 டிசம்பரில் உருவான ஜெல்லிபின் என்ற இலவச புரோகிராம் இதற்குப் போதும். வள்ளூரில் எங்கள் வீட்டில் ஓடுவதும் அதுதான். மறைந்த தாத்தா பேசும் வீடியோவை அம்மா அடிக்கடி போட்டுப் பார்ப்பார்.

சர்வர் நின்றால் எனக்குத் தகவல் வருவதற்காக, அதே கம்ப்யூட்டரில் அப்டைம் குமா என்ற கண்காணிப்பு புரோகிராமையும் போட்டிருந்தேன். ஒரு மழை இரவில் கரண்ட் போனது. (1,500 மெகாவாட் அனல் மின் நிலையம் உள்ள ஊர்தான். மழைக்கு அது தெரியுமா?) கரண்ட் திரும்பியும் கம்ப்யூட்டர் எழவில்லை. எனக்குத் தகவலும் வரவில்லை. எப்படி வரும்? காவலாளியும் சேர்ந்து தூங்கிவிட்டாரே! தான்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டோம் என்று பயந்து, அம்மாவும் ஐந்து நாள் வாய் திறக்கவில்லை.

எனவே காவலாளி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஆனால் பிராட்பேண்ட் நிறுவனங்கள் பல, ஒரே ஐ.பி. முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. வெளியிலிருந்து உங்கள் சர்வரைத் தட்டிப் பார்க்க முடியாமல் போகலாம். அதனால் சர்வரே வெளியே "இருக்கிறேன்" என்று சொல்லட்டும். சத்தம் நின்றால் மெயில் வரட்டும்.

ஹெல்த்செக்ஸ்.ஐஓ தளம் இதை இலவசமாகச் செய்து தருகிறது. அதில் ஒரு 'செக்' உருவாக்கினால் தனி முகவரி ஒன்று கிடைக்கும். 'பீரியட்' 5 நிமிடம், 'கிரேஸ்' 15 நிமிடம் எனத் தந்திடுங்கள். கிரேஸை ஒரு நிமிடமாக வைத்தால், ரூட்டர் கண் சிமிட்டும்போதெல்லாம் மெயில் வரும். நாலாம் நாள் படிக்காமலே அழிப்பீர்கள்.

அடுத்து, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் 5 நிமிடத்திற்கு ஒரு முறை இயங்கும்படி ஒரு பேட்ச் பைலை அமைத்திடவும். யாரும் லாக்-ஆன் செய்யாவிட்டாலும் இயங்கும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். அந்த பைல், 'கர்ல்' கட்டளை மூலம் முதலில் ஜெல்லிபினின் 8096 போர்ட்டில் உள்ள 'ஹெல்த்' பக்கத்தைக் கேட்க வேண்டும். சரியான பதில் கிடைத்தால் மட்டுமே வெளித் தளத்தின் முகவரியை அழைக்க வேண்டும். இல்லையென்றால் ஜெல்லிபின் படுத்திருக்க, கம்ப்யூட்டர் மட்டும் "நலம்" என்று கடிதம் போட்டுக்கொண்டிருக்கும்.

கரண்ட் வந்ததும் தானே எழுவதற்கு, பயாஸில் 'ஏசி பவர் லாஸ்' என்று வரும் செட்டிங்கை 'பவர் ஆன்' என மாற்றிடுங்கள். பிறகு ரூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மொபைல் டேட்டாவை ஆன் செய்து 20 நிமிடம் காத்திருங்கள். மெயில் வர வேண்டும்.