மடக்கு சைக்கிளும் ஐரோப்பிய இரயிலும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இரயில் பிரயாணத்தின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. டில்லியிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ சென்னைக்குப் போவதென்றால் ஓர் இரவும் ஒரு பகலும் வண்டியிலேயே கழிகின்றன. அத்தனை தூரத்தையும் பொறுமையுடன் கடந்துவிடும் நாம், நிலையத்தில் இறங்கியதும் தளர்ந்து போகிறோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுவதும், வாடகை வண்டிக்குக் காத்து நிற்பதும், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதும் நம்மைக் களைப்படையச் செய்கின்றன. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள அந்த மூன்று நான்கு கிலோ மீட்டரே பிரயாணத்தின் பெருந்தொல்லை என்பதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்வோருக்கும் இதே தொல்லை உண்டு. அங்கே இருப்புப் பாதைகள் ஊருக்கு ஊர் பின்னிக் கிடக்கின்றன. வண்டிகளும் அடிக்கடி ஓடுகின்றன. ஆனால் நாம் காண விரும்பும் கோட்டையோ, ஆற்றங்கரைச் சிற்றூரோ, மலிவான விடுதியோ நிலைய வாயிலில் இருப்பதில்லை. வாடகைக் கார் வைத்துக்கொண்டால் கைப்பணம் கரையும். பஸ்ஸை நம்பினால், சிற்றூர்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் அது வருவதே அரிது. பிள்ளைகள் வேலையாயிருக்கும் நகரத்துக்கு ஒருமுறை சென்று வரும் நடுத்தரக் குடும்பத்தினர் இக்காரணத்தாலேயே பெரிய நகரங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். இக்குறையைத் தீர்க்கும் எளிய சாதனம் ஒன்று உண்டு. அதுவே மடக்கு சைக்கிள்.

சாதாரண சைக்கிளையே இரயிலில் ஏற்றிச் செல்லலாமே என்று கேட்கலாம். சட்டத்தில் ஒரு சொல் மாறினால் மனிதருடைய உரிமையே மாறிவிடும் என்பதற்கு இரயில்வே விதிகளைக் காட்டிலும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. விரித்து நிற்கும் சைக்கிள் அவ்விதிகளின்படி ஒரு சைக்கிள். அதற்குத் தனிச் சீட்டு வேண்டும், தனி இடம் வேண்டும், பல வண்டிகளில் முன்பதிவும் வேண்டும். அதே சைக்கிளை மடித்துப் பைக்குள் இட்டுவிட்டால் அது கைச்சாமான் ஆகிவிடுகிறது. எடையும் உலோகமும் மாறவில்லை, பெயர் மாறிவிட்டது. பெயர் மாறியதும் தடைகளில் பெரும்பாலானவை நீங்கிவிடுகின்றன.

இதைச் சில நாடுகளின் நடைமுறையைக் கொண்டு விளக்குவோம். நெதர்லாந்து சைக்கிளுக்குப் பேர்போன நாடு. அங்குள்ள உட்ரெக்ட் நகர நிலையத்தின் கீழ் 12,500 சைக்கிள்களுக்கு மேல் நிறுத்தக்கூடிய நிலையம் 2019ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அந்த நாட்டிலேயே, வேலை நாட்களில் காலையிலும் மாலையிலும் கூட்டம் மிகுந்த வேளைகளில் சாதாரண சைக்கிளை இரயிலில் ஏற்ற அனுமதியில்லை. மற்ற வேளைகளில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. மடித்த சைக்கிளுக்கோ எந்த வேளையிலும் தடையில்லை, கட்டணமுமில்லை. ஜெர்மனியில் ஐ.சி.இ. எனப்படும் விரைவு வண்டிகளில் சிலவற்றில் சாதாரண சைக்கிளுக்கு இடமே கிடையாது. நூற்றுக்கணக்கான பிரயாணிகள் ஏறும் ஐ.சி.இ. 4 வகை வண்டியில்கூட 8 சைக்கிள்களுக்கே இடமுண்டு. அதையும் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். மடித்த சைக்கிள் அங்கும் கைச்சாமானே. சுவிட்ஜர்லாந்திலும் மடித்துப் பையிலிட்டால் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம்.

லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கத்தின் வழியே பாரிசுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் செல்லும் யூரோஸ்டார் வண்டியில், மடித்த நிலையில் 85 செ.மீ. நீளத்துக்கு மேற்படாத சைக்கிளைப் பையிலிட்டு உடன் கொண்டு செல்லலாம். ஐரோப்பிய யூனியன் 2021ல் இயற்றி, 2023 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த பிரயாணிகள் உரிமைச் சட்டம், புதிதாக வாங்கும் வண்டிகளில் குறைந்தது 4 சைக்கிள்களுக்காவது இடமிருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தினால் வற்புறுத்திப் பெறவேண்டிய அளவே நான்கு என்றால், சாதாரண சைக்கிளுக்கு அங்கே இடம் எவ்வளவு அருமை என்பது விளங்கும்.

மடக்கு சைக்கிள் நேற்றுத் தோன்றியதன்று. 1890களிலேயே பிரெஞ்சு இராணுவத்தில் கேப்டன் ழெரார் என்பவர், போர்வீரன் மடித்து முதுகில் சுமந்து செல்லக்கூடிய சைக்கிளை அறிமுகப்படுத்தினார். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் பாராசூட் படையினருக்காக பி.எஸ்.ஏ. நிறுவனம் மடக்கு சைக்கிள்களைச் செய்தளித்தது. ஆனால் இவற்றின் சக்கரங்கள் பெரியவை. ஆகவே மடித்தாலும் பெரிய சுமையாகவே இருந்தன. சக்கரம் சிறுத்தால் வேகம் குன்றும் என்ற எண்ணத்தை மாற்றியவர் இங்கிலாந்தின் அலெக்ஸ் மோல்ட்டன். 1962ல் அவர் வெளியிட்ட சைக்கிளில் சிறு சக்கரங்களும், குலுக்கலைத் தாங்கும் அமைப்பும் இருந்தன. பின்னர் ஆண்ட்ரூ ரிச்சி என்னும் இளம் எஞ்சினியர் 1975ல் தம் இருப்பிடத்திலேயே ஒரு மாதிரியை உருவாக்கத் தொடங்கினார். அவர் அறையின் சன்னலிலிருந்து தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரே அந்த சைக்கிளுக்கு அமைந்தது.

பிராம்ப்டன் மடங்கும் முறையை அறிந்துகொள்வது நலம். முதலில் பின்சக்கரம் சட்டத்தின் அடியில் சுழன்று உள்ளே போகிறது. அடுத்து, நடுச்சட்டத்திலுள்ள கீல் திருப்பப்பட்டு, முன்சக்கரம் பக்கவாட்டில் வந்து ஒட்டுகிறது. பிறகு கைப்பிடி கீழே சாய்கிறது. கடைசியாக இருக்கைக் குழாயைக் கீழே இறக்கினால் எல்லாம் பூட்டிக்கொள்கின்றன. எண்ணெய் படிந்த சங்கிலி இரு சக்கரங்களுக்கும் நடுவே மறைந்துவிடுவதால் பக்கத்திலிருப்பவர் உடையில் அழுக்குப் படாது. பழகிய கைக்கு இவ்வளவுக்கும் அரை நிமிடம்கூட ஆகாது. 16 அங்குலச் சக்கரமுள்ள இந்த சைக்கிள் மடித்தபின் ஏறத்தாழ 60 செ.மீ. நீளத்தில் அடங்குகிறது. எடை பெரும்பாலும் 11, 12 கிலோ இருக்கும். 20 அங்குலச் சக்கரமுள்ள மற்ற வகைகள் ஓட்டுவதற்குச் சற்று இதமானவை. ஆனால் மடித்தபின் 80 செ.மீ. வரை நீளமிருக்கும்.

இனி இதன் பயனைப் பிரயாணத்தில் காண்போம். இலண்டனிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் பாரிசில் வண்டி மாறவேண்டும். பாரிசுக்கு ஒரே மத்திய நிலையம் இல்லை. வடக்கிலிருந்து வரும் வண்டிகள் கார் து நோர் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. மார்சேய், லியோன் முதலிய தென்னகரங்களுக்கான வண்டிகள் கார் து லியோன் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே நிலத்தடி இரயில் உண்டு, விரைவானதுதான். ஆனால் படிகளும் தானியங்கிக் கதவுகளும் நெரிசலும் நிறைந்த அவ்வழியில் பாரிஸ் நகரம் கண்ணில் படாது. சைக்கிளை விரித்தால் சில நிமிடங்களில் சென் மார்த்தேன் கால்வாயை அடையலாம். நெப்போலியன் ஆணையால் வெட்டத் தொடங்கி 1825ல் திறக்கப்பட்ட இக்கால்வாயின் இருமருங்கும் மரங்கள், குறுக்கே இரும்பு நடைப்பாலங்கள், படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகள். கால்வாய் நிலத்தடியில் மறையும் இடத்திலிருந்து அதன் மேலமைந்த அகன்ற சாலை வழியே பாஸ்தில் சதுக்கத்தை அடைந்தால், அடுத்த நிலையம் அருகிலேயே இருக்கிறது. நிதானமாகச் சென்றாலும் அரைமணிப் பிரயாணந்தான்.

இதைவிடச் சிறந்த உதாரணம் ரைன் நதிப் பள்ளத்தாக்கு. ஜெர்மனியில் பிங்கென் நகருக்கும் கோப்ளென்ஸ் நகருக்கும் இடையே ஏறத்தாழ 65 கிலோ மீட்டர் தூரம் ரைன் நதி மலைகளினூடே நெளிந்து செல்கிறது. 2002ல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். குன்றுகள் தோறும் பழங்கோட்டைகள். காவூப் அருகே ஆற்றின் நடுவிலேயே ஒரு கோட்டை. இப்பகுதியில் ஆற்றின் இரு கரைகளிலும் இரயில் பாதை உண்டு. ஆனால் ஆற்றைக் கடக்கப் பாலம் ஒன்றுகூட இல்லை. படகுத்துறைகளே உண்டு. சைக்கிளுடன் செல்பவர் ஒரு கரையில் பாக்கராக் வரை மிதித்து, மேலும் சென்று சங்க்ட் கோவாரில் படகேறி, எதிர்க்கரையில் லோரலை பாறையைக் கண்டு, களைப்புற்ற இடத்தில் இரயிலேறித் திரும்பிவிடலாம். எதிர்க்காற்று வீசினாலும், மழை வந்தாலும், முழங்கால் வலித்தாலும் அடுத்த நிலையம் சில கிலோ மீட்டரில் காத்திருக்கிறது. புறப்பட்ட இடத்துக்கே மிதித்துத் திரும்பவேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபோது, ஐம்பது வயதைக் கடந்தவரும் துணிந்து புறப்படலாம்.

ஆஸ்திரியாவில் வியன்னாவிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய வழி ஒன்றையும் குறிப்பிடுவோம். காலையில் இரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மெல்க் நகரை அடையலாம். ஆற்றுக்கு மேல் உயர்ந்து நிற்கும் அதன் பெனடிக்டின் மடாலயத்தைப் பார்த்தபின், டான்யூப் நதியின் ஓட்டத்தோடு கிரெம்ஸ் நகர் வரை 35 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் சைக்கிளில் செல்லலாம். பாதை பெரும்பாலும் சமதளம். வாக்காவ் எனப்படும் இப்பகுதி சர்க்கரைப் பாதாமிப் பழத்துக்குப் புகழ்பெற்றது. இடையே டுயூர்ன்ஷ்டைன் என்ற ஊரில், சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு 1192ல் சிறைப்பட்டிருந்த கோட்டையின் இடிபாடுகளைக் காணலாம். மாலையில் கிரெம்ஸில் சைக்கிளை மடித்து, வியன்னா செல்லும் வண்டியில் ஏறிவிடலாம்.

இரயில் கட்டணத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்காக 1959 முதல் யூரெயில் பாஸ் வழங்கப்பட்டு வருகிறது. இன்று இது 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் நாம் விரும்பும் ஏழு நாட்களில் பிரயாணம் செய்யலாம் என்பது போன்ற ஏற்பாடுகள் இதில் உண்டு. பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக வண்டிகளில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிப்பணம் கட்டவேண்டும். ஊர்தோறும் நின்று செல்லும் வட்டார வண்டிகளில் பெரும்பாலும் அது தேவையில்லை. நினைத்த இடத்தில் இறங்கும் சைக்கிள்காரருக்கு அவையே உகந்தவை.

சில எச்சரிக்கைகளையும் கூறவேண்டும். மின்சார மடக்கு சைக்கிளை இந்தியாவிலிருந்து கொண்டுபோக எண்ணவேண்டாம். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பாட்டரியைப் பிரயாணிகள் விமானத்தில் கொண்டு செல்ல இயலாது. சைக்கிள் பாட்டரிகள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியவை. பிரிட்டனும் அயர்லாந்தும் போன்ற சில நாடுகள் நீங்கலாக ஐரோப்பாவில் சாலையின் வலப்புறமே செல்லவேண்டும். வியன்னா, ஆம்ஸ்டர்டாம், பாசெல் போன்ற நகரங்களில் டிராம் தண்டவாளங்கள் சாலையிலேயே பதிந்துள்ளன. சிறு சக்கரம் அப்பள்ளத்தில் சிக்கினால் விழுவது நிச்சயம். ஆதலால் தண்டவாளத்தைக் குறுக்காகவே கடக்கவேண்டும். பழைய வீதிகளில் பாவிய உருண்டைக் கற்களின் மேல் இறங்கித் தள்ளிச் செல்வதே மேல். நகரங்களில் சைக்கிள் திருட்டு மிகுதி. மடித்து அறைக்குள் எடுத்துச் செல்ல முடிவதே இவ்வகையின் பெரிய காப்பு.

எல்லாவற்றிலும் முக்கியமானது சாமானின் அளவு. ஒரு கையில் 12 கிலோ சைக்கிள் இருக்கும்போது மறுகையில் பெரிய பெட்டிக்கு இடமில்லை. சிற்றூர் நிலையங்கள் பலவற்றில் நடைமேடை தாழ்ந்திருக்கும். பெட்டியினுள் ஏற இரண்டு மூன்று படிகள் இருக்கும். ஆகவே சைக்கிளின் முன்புறம் மாட்டும் ஒரு பையில் அடங்குவதே நமது உடைமை என்று வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஊறுகாய்ப் பாட்டிலும் பருப்புப்பொடியும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவேண்டியவை என்றால், அவற்றை முதலில் அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு, அங்கிருந்து புறப்படுவதே முறை. ஒரே நகரில் தங்குவோருக்கு அங்கேயே வாடகை சைக்கிள் எடுப்பது மலிவு. ஊர் ஊராக மாறிச் செல்வோருக்குத்தான் சொந்த மடக்கு சைக்கிள் பயன்தரும்.

இதனை வாங்க எண்ணுவோர் விலையைக் கேட்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பன்னிரண்டு கிலோ அரிசி மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மாடிகள் ஏறி இறங்கவேண்டும். மூச்சு வாங்காமல் அது முடியுமானால், ஐரோப்பாவின் எந்த நிலையமும் அவருக்குத் தடையாகாது. பெரிய நகரங்களின் வாயிலோடு திரும்பிவிடாமல், வண்டி ஒரு நிமிடமே நிற்கும் சிற்றூர்களிலும் இறங்கி, பிறர் தயவுக்குக் காத்திராமல் அவர் தம் வழியே செல்லலாம்.