குடியும் இரத்தக் கொழுப்பும்

உரம், விதை பற்றிப் பேசுகிறவர் இன்றைக்குக் குடியைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்க வேண்டாம். பால் சொசைட்டியில் மாட்டுப் பாலின் கொழுப்பை வேளை தவறாமல் அளக்கிறோம். நம் இரத்தத்தில் எவ்வளவு கொழுப்பு ஓடுகிறது என்று நாற்பது வயது தாண்டியும் பலர் பார்த்ததே இல்லை. "கொஞ்சம் பிராந்தி போட்டா கொழுப்பு கரைஞ்சிடும் சார்" என்று களத்துமேட்டில் என்னிடமே சொல்கிறார்கள். கரையாது. கூடத்தான் செய்யும்.

இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது? இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிரால், நல்ல கொலஸ்டிரால், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு என மூன்றைப் பார்ப்பார்கள். குடிக்கிறவர்களுக்கு நல்ல கொலஸ்டிரால் சற்று உயர்வது உண்மை. அதை வைத்துக்கொண்டு இதயத்துக்கு நல்லது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால், ஏற்கெனவே கொழுப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, நல்ல கொலஸ்டிராலை உயர்த்தும் நியாசின் என்ற மருந்தையும் கூடவே கொடுத்துப் பார்த்தார்கள். 2011-லும் 2014-லும் முடிவு வந்தது. எண் உயர்ந்தது, மாரடைப்பு குறையவில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது.

டிரைகிளிசரைடு ஏன் ஏறுகிறது? முறைத் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். ஒருவர் முறை முடிந்தால்தான் அடுத்தவர் வயலுக்கு மடை திறக்கும். கல்லீரலில் சாராயம் எப்போதும் முதல் முறையைப் பிடித்துக்கொள்ளும். அது விஷம் என்பதால் உடம்பு அதைத்தான் முதலில் அகற்றப் பார்க்கும். கொழுப்பை எரிக்கும் வேலை அதுவரை நின்றுபோகும். எரியாத கொழுப்பில் ஒரு பங்கு கல்லீரலிலேயே படியும், மறு பங்கு டிரைகிளிசரைடாக இரத்தத்தில் இறங்கும்.

கணக்கும் பாருங்கள். கடையில் விற்கும் 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சாராயம் இருக்கிறது. அதை முடிக்கக் கல்லீரலுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். கிராமுக்கு 7 கலோரி வீதம் 420 கலோரி. கிட்டத்தட்ட 120 கிராம் அரிசிக்குச் சமம். ஆனால் சத்து ஒன்றும் இல்லை. தொட்டுக்கொள்ளும் பொரித்த கறி, மிக்சர் கணக்கு தனி.

100 மில்லி இரத்தத்தில் டிரைகிளிசரைடு 150 மில்லி கிராமுக்குள் இருக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் உண்டு. 1000-க்கு மேல் போனால் அபாயம் இன்னும் அதிகம். மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரை பிடிக்கும் கடும் வலி வந்தால் சோடா குடித்துப் படுத்துவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உயிருக்கே ஆபத்தானது.

கொழுப்புப் பரிசோதனைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறாக, தண்ணீர் மட்டும் குடித்துப் போங்கள். முந்தின நாள் குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், எண் தப்பாகக் காட்டும். குடியால் ஏறிய டிரைகிளிசரைடு, குடியை விட்ட சில வாரங்களிலேயே பெரும்பாலும் இறங்கும்.

தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் மட்டும் திடீரென்று தாமாக நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் சொல்லி, அவர் தரும் மருந்தோடு நிறுத்துங்கள்.