ஒட்டிய தோலுக்குப் பத்தியம் வேண்டாம்!

"ஆபரேஷன் பண்ணின புண்ணுங்க... முட்டை, மீன் குடுத்தா சீழ் வைக்கும்னு பெரியவங்க சொல்றாங்க. பதினஞ்சு நாளா வெறும் கஞ்சிதான்!"

கடலூரிலும் சரி, சிதம்பரத்திலும் சரி, இந்தப் பேச்சு என் காதில் விழாத மாதம் இல்லை. பத்தியம் சொல்வதே தொழிலான சித்த வைத்தியன் நான். நானே சொல்கிறேன், இந்தப் பத்தியம் தப்பு.

விபத்தில் எலும்பு தெரிகிற அளவுக்குச் சதை போய்விட்டால், பக்கத்துத் தோலை அதன் ரத்தக் குழாயோடு நகர்த்தி மூடுவார்கள். டாக்டர்கள் 'ஃப்ளாப்' என்பார்கள். நாம் மடல் என்போமே! நம் நாட்டின் பழைய வித்தைதான் இது. ஆங்கிலேயர் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜியின் மூக்கை 1792-ல் திப்புவின் ஆட்கள் அறுத்துவிட்டார்கள். புனேயில் நெற்றித் தோலை இறக்கி அவருக்கு மூக்கு செய்தார்கள். 1794-ல் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' பத்திரிகையில் இந்தச் செய்தி வந்தது. நெற்றியோடு சேர்ந்திருந்த காம்பை இருபத்தைந்தாம் நாள் வாக்கில்தான் வெட்டுவார்களாம். ஏன்? அதுவரை காம்பு வழியாகத்தான் மடலுக்கு ரத்தம். அதற்குள் அடியிலிருந்து புதுக் குழாய்கள் முளைத்து வந்து சேரவேண்டும்.

முளைக்க வைப்பவை 'வளர்ச்சிக் காரணிகள்' என்ற புரதங்கள். உடம்பே சுரக்கிறது. வெளியிலிருந்து செலுத்தி எலிகளின் மடலைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மனிதருக்கு இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

ஆனால் சாப்பாடு நம் கையில் இருக்கிறதே! புண் ஆற, 60 கிலோ எடையுள்ளவருக்கு தினம் 75 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். கஞ்சியில் அது ஏது? ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். கடலூர் துறைமுகத்து மத்தியும் நெத்திலியும் போதுமே! சைவக்காரர்களுக்குப் பருப்பு, சுண்டல், தயிர், பனீர். கூடவே நெல்லிக்காய், கொய்யா. வைட்டமின் சி இல்லாமல் புதுச் சதை கட்டாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டே புரதத்தைக் கூட்டவேண்டும்.

பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை, மீன் எண்ணெய் சாப்பிடுகிறீர்களா? ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறைவதை இவை தாமதப்படுத்தலாம். நான் கொடுத்த மருந்தானாலும் சொல்லத்தான் வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை கூடவே கூடாது. நிகோடின் குழாய்களைச் சுருக்கிவிடும்.

மடல் வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். ரத்தம் வெளியேற முடியாமல் தேங்கினால் இன்றைய சர்ஜன்களும் அட்டை விடுகிறார்கள்! 2004-ல் அமெரிக்காவே அனுமதி கொடுத்தது. எங்கள் 32 புற மருத்துவங்களில் அட்டைவிடலும் ஒன்று என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அதற்காகக் குளத்து அட்டையைப் பிடித்து வந்து வீட்டில் விடாதீர்கள். அதன் குடலில் இருக்கும் கிருமி மடலையே அழுக வைத்துவிடும்.