காய்ந்த குட்டை காலி மனை அல்ல

ஹைதராபாத்தில் ஜீடிமெட்லா என்றால் பலருக்கும் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். அதே பெயரில் அங்கே ஓர் ஏரியும் உண்டு; நிஜாம் காலத்தில், 1897-ல் உருவான அதற்கு ஃபாக்ஸ் சாகர் என்றும் பெயர். கோடையில் இத்தகைய ஏரிகளின் ஓரத்தில் தண்ணீர் பின்வாங்கி, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெற்றிடம். நாலு லாரி மண் கொட்டினால் மனை. 2020 அக்டோபர் பெருமழையில் ஃபாக்ஸ் சாகர் நிரம்பியபோது, கொம்பள்ளி பக்கம் உமாமகேஸ்வரா காலனி வெள்ளத்தில் மூழ்கியது. ஏரிக்கு உரிய இடத்தை நிலம் என்று எண்ணியதற்கு மனிதர் கொடுத்த விலை அது. மனிதரல்லாத உயிர்களும் விலை கொடுக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள, தென் அமெரிக்காவின் ஒரு சின்ன மீனைப் பார்க்க வேண்டும்.

மண்ணுக்குள் ஒரு தலைமுறை

ஆஸ்ட்ரோலெபியாஸ் பெல்லோட்டி. அர்ஜென்டினாவின் பரானா, லா பிளாட்டா ஆற்றுப் படுகையில், புல்வெளிகளில் தேங்கும் மழைக்குட்டைகளே இதன் வீடு. விரல் நீளம்தான் இருக்கும். ஆண் மீனின் கருநீல உடலில் முத்து தெளித்தாற்போல வெண்புள்ளிகள். பெண் பழுப்பு நிறம். குட்டை வற்றினால் சாவுதான். ஆகவே எல்லாவற்றிலும் அவசரம். பொரிந்து சில வாரங்களிலேயே பருவத்துக்கு வந்துவிடும்.

ஆண் துடுப்பை விரித்து ஆடிக் காட்டும். பிறகு அடிச்சேற்றில் தலையைக் குத்தி நிற்கும். பெண் பக்கத்தில் வந்ததும் இரண்டும் சேற்றுக்குள் புகுந்து, கடுகளவு முட்டையைப் புதைத்துவிட்டு மேலே வரும். இது நாள்தோறும் நடக்கும். அங்கே கோடை வந்து குட்டை வற்றும்போது மீன்கள் அத்தனையும் மடியும். அந்தக் குட்டையின் அடுத்த தலைமுறை மொத்தமும் அப்போது மண்ணுக்குள் இருக்கிறது.

முட்டைக்குள் கரு ஒரே மூச்சில் வளர்வதில்லை. மூன்று கட்டங்களில் நின்று, உறங்கி, மறுபடி வளர முடியும். இந்த மூன்று உறக்கங்களையும் 1972-ல் ஜான் வோர்ம்ஸ் விரிவாக எழுதினார். கடைசிக் கட்டத்து முட்டையை உருப்பெருக்கியில் பார்த்தால், சுருண்டு கிடக்கும் முழு மீன்குஞ்சும் அதன் கண்ணும் ஓட்டின் வழியே தெரியும். மழை பெய்து மண் நனைந்ததும் சில மணி நேரத்தில் ஓடு உடையும். ஆனால் எல்லா முட்டையும் பொரிவதில்லை. முதல் மழை ஏமாற்றிவிட்டால் என்ன ஆவது? அதற்காகவே ஒரு பங்கு உறக்கத்திலேயே இருந்துவிடும். விதைநெல் முழுவதையும் ஒரே மழைக்கு விதைக்காத விவசாயியின் கணக்கு இது.

நம் குட்டைகளிலும்

இந்தியாவில் இந்த மீனுக்கு உறவுக்காரர் உண்டு. தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தில் கொசுப்புழு தேடித் திரியும் முண்டக்கண்ணி அந்தக் கூட்டத்து மீன்தான். ஆனால் அது நீர்ச்செடிகளில் முட்டையிடும்; மண்ணில் உறங்காது. மண்ணை நம்பி வாழும் வேலையை இங்கே ஃபேரி ஷ்ரிம்ப் எனும் சிற்றுயிர் செய்கிறது. மல்லாந்து நீந்தும் இந்த இனங்களில் ஒன்றான ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகோடோமஸ், தமிழ்நாட்டின் மழைக்குட்டைகளில் வாழ்வது. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இதன் முட்டைகளும் வறண்ட மண்ணில் காத்திருந்து, மழை கண்டதும் பொரிகின்றன.

இந்தக் காத்திருப்புக்கு வெயில் பகையல்ல. குட்டையை மண் கொட்டி மூடுவதுதான் பகை. பிரேசிலில் வயலுக்கும் சாலைக்கும் வீட்டுமனைக்கும் குட்டைகள் தூர்க்கப்பட்டதால், ஆஸ்ட்ரோலெபியாஸ் மீனின் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. சில இனங்களுக்கு உலகத்திலேயே ஒன்றிரண்டு குட்டைகள்தான் சொந்தம். அவற்றை மூடினால் அந்த இனமே முடிந்தது.

அந்த மீன்கள் பறவைகள் வழியே இடம் மாறுவதற்கும் குட்டைகள் வேண்டும். பிரேசில் ஆய்வாளர்கள் கோஸ்கொரோபா அன்னங்களுக்குத் தீனியோடு இந்த வகை முட்டைகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். எச்சத்தில் உயிரோடு வந்தவை வெகு சில; அவற்றில் ஒன்று பொரிந்தது. 2019-ல் வெளியான முடிவு இது. பறவையின் வயிற்றைக் கடந்துகூடப் பிழைக்கிற கரு, இறங்குகிற இடத்தில் ஒரு குட்டை இல்லையென்றால் பிழைக்காது.

நில ஆவணங்களில் ஏரியின் எல்லையைக் குறிப்பவர்கள் தண்ணீர் நிறைந்த மாதத்தில் வந்து அளக்கட்டும். கோடையில் வந்தால், வெடித்த மண்ணில் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்க்கட்டும். அந்தப் பிடிக்குள் மழையை எதிர்பார்த்து உயிர்கள் உறங்கிக்கொண்டிருக்கலாம்.