அங்பாவ் உறையில் அத்தையின் கோலம்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே பெண்டாங், அலோர்ஸ்டார் கடைகளில் அங்பாவ் உறைகள் தொங்க ஆரம்பித்துவிடும். ஊதா, பச்சை, மஞ்சள் என்று வண்ணம்தான் மாறுகிறது. மயிலும் மாங்காயும் அதேதான். பின்னணியில், 'இந்திய வடிவம்' என்று இணையத்தில் தேடியவுடன் வந்து விழும் வட்டப் பூக்கள். யாரோ எங்கோ வரைந்து விற்றதை வாங்கி, அதில்தான் நம் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கிறோம்.

நான் வானொலி அறிவிப்பாளர். ஊடகப் படிப்பில் கொஞ்சம் வரைகலை கற்றதோடு சரி. சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்துக்கென்று 100 உறை அச்சடிக்கலாம் என்று தோன்றியதும், பெண்டாங்கில் இருக்கும் அத்தையிடம் போய் அவருடைய கோல நோட்டைக் கேட்டேன்.

அத்தை தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியும் முன்னே, பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும், வாசலில் கோலம் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். இப்போது முட்டி மடங்கவில்லை. வாசலில் மருமகள் ஒட்டிய ஸ்டிக்கர் கோலம் இருக்கிறது. நோட்டு மட்டும் அலமாரியில், பழைய பால் கணக்குச் சீட்டுகளோடு.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வரி: '7 புள்ளி, 4இல் நிற்கும், ஊடுபுள்ளி.' கோலம் போடுகிறவர்களுக்கு இது போதும். நடுவரிசையில் 7, மேலும் கீழும் 6, 5, 4. முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் அடுத்த வரிசையின் புள்ளி. மொத்தம் 37. படம் எதுவும் இல்லாமல், ஒரே வரியில் முழு அமைப்பும் வந்துவிடுகிறது. கணினிக்காரர்கள் இதைக் கட்டளை என்பார்கள்.

அப்படிச் சொன்னவர்களும் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்தையும் கணினி இலக்கணத்தையும் இணைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிறிய கோலம் ஒன்றிலிருந்து தொடங்கி, சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால், அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கோலங்கள் வளர்ந்துகொண்டே போகும் என்று காட்டினார்கள். 'மூணுல போட்டதை அஞ்சுல போடு' என்று அத்தை சொல்வதும் இதைத்தானே!

வரைவதற்கு நான் எடுத்துக்கொண்டது இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் மென்பொருள். 2003இல் உருவானது, இலவசம். புகைப்படம்போல் நிறப்புள்ளிகளாகச் சேமிக்காமல், கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்ற கணக்கைச் சேமிப்பதுதான் வெக்டர். அதனால் அங்பாவ் அளவில் வரைந்ததை மண்டபத்துப் பதாகை அளவுக்கு இழுத்தாலும் விளிம்பு மங்காது. அந்த வளைவுகளுக்குப் பெசியே வளைவு என்று பெயர். ரெனோ கார் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளரின் பெயர் அது. கார் உடம்பை வரையப் பயன்பட்ட கணக்கு சிக்குக் கோலத்துக்கும் பொருந்துவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

மென்பொருளின் சொற்களும் அத்தையின் சொற்களும் அதிகம் விலகவில்லை. காசு கொடுத்து வாங்கும் அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் 2012 முதல் தொடர்வடிவம் செய்யத் தனி வசதி உண்டு. கட்டங்களை எப்படி அடுக்குவது என்று கேட்கும்: நேர்க்கட்டமா, செங்கல் அடுக்கா, அறுகோணமா? நேர்க்கட்டம் என்பது நேர்ப்புள்ளி. செங்கல் அடுக்கும் அறுகோணமும் ஊடுபுள்ளி. இங்க்ஸ்கேப்பில் 'டைல்ட் குளோன்ஸ்' என்ற பகுதியில் இதே வேலையைச் செய்யலாம். ஒரு வடிவத்தைச் சமதளம் முழுக்கத் திரும்பத் திரும்ப நிரப்ப மொத்தம் 17 சமச்சீர் வகைகள்தான் உண்டு என்று ரஷ்யரான ஃபெதோரோவ் 1891இல் நிறுவினார். அந்த 17ம் அங்கே பட்டியலாகவே இருக்கின்றன.

ஊடுபுள்ளியில் ஒரு நுணுக்கம் உண்டு. பக்கவாட்டில் புள்ளிக்குப் புள்ளி 20 மில்லிமீட்டர் என்றால், அடுத்த வரிசையை 10 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். ஆனால் வரிசைக்கு வரிசை 20 வைக்கக்கூடாது, 17.32தான் வைக்க வேண்டும். அப்போதுதான் ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள ஆறும் சம தூரத்தில் நிற்கும். இரண்டையும் திரையில் காட்டினேன். 20 வைத்ததைப் பார்த்ததுமே அத்தை, "என்னாடி, பூ சோறு தண்ணி இல்லாம ஒல்லியா நிக்குது?" என்றார். அளவுகோல் இல்லாத கண்!

கடினமான இடம் ஓரம்தான். எளிய சிக்குக் கோலத்தில் கோடு ஓரத்துக்கு வந்ததும் திரும்பிவிடும். 3 புள்ளியில் 4 வரிசை வைத்து வளைத்துப் பாருங்கள், ஒரே கோட்டில் முடியும். 3க்கு 3 வைத்தால் மூன்று தனிக் கோடுகள். 4க்கு 6 என்றால் இரண்டு. இரண்டு எண்களுக்கும் உள்ள மிகப் பெரிய பொதுக் காரணி எதுவோ, அத்தனை கோடுகள். ஆனால் தாளிலும் துணியிலும் தொடர்ந்து ஓட வேண்டிய வடிவத்தில் கோடு திரும்பக்கூடாது. கட்டத்தின் வலது ஓரத்தில் எந்த உயரத்தில் வெளியேறுகிறதோ, அதே உயரத்தில் இடது ஓரத்தில் நுழைய வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் அப்படியே. கிளந்தான், திரங்கானு பாத்தேக் துணிக்கான உலோக அச்சிலும் இதே விதிதான். வானொலியில் பின்னணி இசையைச் சுற்றவிடும்போதும், முடிவு தொடக்கத்தோடு சேரும் இடத்தில் 'டக்'கென்று கேட்டால் நேயர் கண்டுபிடித்துவிடுவார். கண்ணும் அப்படித்தான்.

ஆகவே கோலத்தின் ஓர வளைவுகளை நறுக்கி, கோடுகளைத் திறந்துவிட்டேன். அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "கோடு முடியாம வாசல்ல விடக்கூடாது. வெட்டுன கோலத்தையா புள்ளைங்க கையில குடுப்ப?" மூடாத சிக்குக் கோலம் அவருக்குக் கோலமே இல்லை. நானோ தொடர்வடிவம் என்றால் ஓரத்தில் வெட்டுப்படத்தான் செய்யும் என்று நின்றேன். அன்று மாலைத் தேநீர் ஆறிப்போனது.

கடைசியில் அவர் சொன்னபடியும் நடந்தது, நான் சொன்னபடியும் நடந்தது. உறையின் பின்பக்கம் முழுக்க ஓடும் தொடர்வடிவம். முன்பக்கத்தில் தனியாக ஒரே ஒரு கோலம், 3க்கு 4, ஒரே கோட்டில் மூடியது. பணம் கொடுக்கும்போது மேலே தெரிவது அதுதான். பின்பக்கம் பற்றி அத்தை இன்றுவரை நல்லதாகவும் கெட்டதாகவும் எதுவும் சொல்லவில்லை.

முயன்று பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அச்சகத்துக்குக் கொடுக்கும்போது வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் வடிவம் நீண்டிருக்கட்டும். இல்லையென்றால் கத்தி சற்று விலகினாலும் வெள்ளை ஓரம் தெரியும். மூலக் கோப்பை எஸ்விஜி வடிவில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வண்ணத்தை மட்டும் மாற்றினால் போதும்.

நோட்டில் இதுவரை 11 பக்கங்களைத்தான் கணினிக்குள் ஏற்றியிருக்கிறேன். மிச்சப் பக்கங்களில் சிலவற்றில் தலைப்பு வரியும் புள்ளிகளும் மட்டும் இருக்கின்றன, கோடு இல்லை. கேட்டால், "அது கைக்குத் தெரியும், எதுக்கு எழுதணும்?" என்கிறார். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது கீழே உட்கார வேண்டியதில்லாமல், மேசைமேல் பெரிய தாளை விரித்து, கையில் பென்சிலைக் கொடுத்துவிடப் போகிறேன்.