எழுதுகோலுக்கு முன்

ஆறு வயது நிரம்பாத குழந்தைக்குப் பாடத்திட்டம் என்று ஒன்று வேண்டுமா எனக் கேட்டால், இன்று பெரும்பாலோர் தயங்காமல் வேண்டும் என்றே விடை கூறுவர். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மேலும் வினவினால், தமிழ் நெடுங்கணக்கு, ஆங்கில நெடுங்கணக்கு, நூறு வரை எண்கள், நான்கைந்து ஆங்கிலப் பாட்டுகள் என்று விரல் மடக்கிச் சொல்வர். இவை யாவும் குழந்தை ஒருநாள் கற்க வேண்டியவையே. ஆயினும் இவற்றையே முதலில் வைப்பது, வேர் ஊன்றுமுன் கனி பறிக்கப் புகுவதை ஒக்கும். பாலர் பள்ளியின் பாடத்திட்டத்தில் கையும் காதும் காலும் நாவும் உடனிருக்கும் தோழரும் முதலிடம் பெற வேண்டும். எழுத்து அவற்றின் விளைவாய் வர வேண்டும். இக்கருத்துக்கு உரிய காரணங்களையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

மாணவர்களே! இது தாய்மார்களுக்கும் ஆசிரியைகளுக்கும் உரிய பேச்சு அன்றோ என்று நீங்கள் எண்ணக்கூடும். உங்களுள் பலர் வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ அக்காளின் குழந்தையோ இருக்கும். மாலை வேளையில் அக்குழந்தையை மடியில் இருத்தி, கையைப் பிடித்து எழுதவைக்கும் வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழுகிறது. ஆதலால் இப்பேச்சு உங்களுக்கும் உரியதே.

பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளின் கல்வியைத் தனியொரு துறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பிரெடரிக் புரோபெல் என்னும் ஜெர்மானியர். 1782ஆம் ஆண்டு துரிங்கியா மலைநாட்டில் பிறந்த இவர், ஓராண்டு நிரம்புமுன்னரே தாயை இழந்தார். தாயின் மடியை அறியாத அம்மனிதர்தாம் தாயும் குழந்தையும் ஆடும் விளையாட்டுகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார் என்பது எண்ணத்தக்கது. 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறுவர்க்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். அப்பெயர் வெறும் உவமை அன்று. குழந்தைகள் விதைத்து நீர் ஊற்றிய உண்மையான பாத்திகளும் அங்கே இருந்தன. இன்று அப்பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எடுத்து எல்.கே.ஜி. என்றும் யு.கே.ஜி. என்றும் வழங்குகிறோம், தோட்டம் எங்கே போயிற்று என்று கேட்பாரைக் காணோம்.

புரோபெல் தம் மாணவர்க்குக் கொடுத்தவை புத்தகங்கள் அல்ல. அவற்றிற்கு அவர் இட்ட பெயர் 'பரிசுகள்' என்பது. முதற்பரிசு, கம்பளி நூலால் ஆன ஆறு வண்ணப் பந்துகள். இரண்டாவது, மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம் ஆகிய மூன்று. மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு கனசதுரம். இம்மூன்றாம் பரிசைச் சற்றே சிந்தியுங்கள். குழந்தை அதை இரண்டாகப் பிரிக்கிறது, மீண்டும் சேர்க்கிறது, நான்காகப் பிரித்து நாற்காலி கட்டுகிறது, எட்டாக அடுக்கிக் கோபுரம் எழுப்புகிறது. பாதி, கால், அரைக்கால் என்னும் சொற்களை அது அறியாது. அவற்றின் பொருளை மட்டும் கை அறிந்துவிடுகிறது. பின்னாளில் பின்னக்கணக்கு வரும்போது மனம் பழைய நண்பனைக் கண்டதுபோல் அதனை வரவேற்கும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், சிறுவயதில் தம் தாய் வாங்கித் தந்த புரோபெல் கட்டைகளின் பயிற்சி தம் தொழிலில் இறுதிவரை உடன்வந்தது என்று கூறியிருக்கிறார்.

இத்தகைய பள்ளியைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்றால் நம்புவீர்களா? 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடைசெய்தது. புரோபெலின் உறவினர் ஒருவருடைய அரசியற் கருத்துகளை இவர்மீது ஏற்றியதும் அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டே புரோபெல் காலமானார். தடை நீங்கியது 1860இல்தான். அதற்குள் அவருடைய மாணவியர் பிறநாடுகளுக்குச் சென்று தோட்டங்களை நட்டுவிட்டனர்.

இனிக் கையைப் பற்றிச் சிறிது விரிவாகக் காண்போம். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தைக்கு இவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக உறுதிப்பட்டு, கடைசி எலும்பு உருப்பெறத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 9 முதல் 12 வயது ஆகிறது. மேலும், தோளும் முழங்கையும் வசப்பட்ட பின்னரே விரல் நுனிகள் வசப்படும். மூன்று வயதுக் குழந்தை எழுதுகோலை முட்டியாகப் பற்றிக்கொள்வதும் சில வரிகளில் சோர்ந்து அழுவதும் பிடிவாதத்தால் அல்ல; கை இன்னும் அதற்கு அணியமாகவில்லை. அந்தக் கையை மாவு பிசைய விடுங்கள். களிமண் உருட்ட விடுங்கள். பூத்தொடுக்க, அவரை உரிக்க, கிண்ணத்திலிருந்து கிண்ணத்திற்கு நீர் வார்க்க விடுங்கள். இவை யாவும் எழுத்துப் பயிற்சியே.

இதனை மிக நுட்பமாக உணர்ந்தவர் இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார். 1907 ஜனவரி 6ஆம் நாள் உரோம் நகரில் சான் லோரென்சோ என்னும் ஏழைகளின் குடியிருப்பில் தம் முதற்பள்ளியைத் தொடங்கினார். அவர் அமைத்த கருவிகளுள் ஒன்று ஒரு மரக்கட்டை; அதில் பத்துக் குழிகளும், அவற்றுள் பொருந்தும் பத்து உருளைகளும் இருக்கும். ஒவ்வோர் உருளையின் தலையிலும் ஒரு சிறு குமிழ். குழந்தை உருளைகளை எடுத்து, உரிய குழியில் மீண்டும் வைக்கும். தவறான குழியில் வைத்தால் கடைசி உருளை இடமின்றி நிற்கும். பிழையை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். அதைவிட நுட்பம் ஒன்று உண்டு. அக்குமிழைப் பற்றும் மூன்று விரல்களே பின்னர் எழுதுகோலைப் பற்றப்போகும் விரல்கள்.

உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தார். வடிவங்களின் உள்ளே கோடிட்டு நிரப்பச் செய்தார். எழுதப் பணித்தாரில்லை. ஒருநாள் மொட்டைமாடியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கோலைத் தந்து புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்த சிறுவன் திடீரெனத் தரையில் ஒரு சொல்லை எழுதிவிட்டு, எழுதிவிட்டேன் என்று கூவிக்கொண்டு மேலும் எழுதலானான். மற்றக் குழந்தைகளும் அவனைச் சூழ்ந்துகொண்டு சுண்ணக்கோல் கேட்டன.

இந்த அம்மையாருக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1939இல் சென்னை அடையாற்றுக்கு ஆசிரியர் பயிற்சி அளிக்க வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, அந்நாட்டவர் என்பதால் அவர் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கி, சிறுவர்களோடு பணிபுரிந்தார். உப்புத்தாள் எழுத்தைக் கண்டு நாம் பெரிதும் வியக்க வேண்டுவதில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதியவர்கள்தாமே நம் முன்னோர்!

எண்ணுக்கு வருவோம். முதல் வகுப்பில் சேர வரும் பிள்ளைகளைத் தலைமையாசிரியன் என்ற முறையில் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். ஒன்று முதல் நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான் ஒரு சிறுவன். "தம்பி, ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தா" என்றால் கைநிறைய அள்ளித் தருவான். எண்ணின் பெயர் வேறு, எண் வேறு. கடைசியாகச் சொன்ன பெயரே மொத்தத்தின் அளவு என்று உணர்வது குழந்தையின் அறிவில் ஒரு பெரிய தாவல். பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில்தான் அது நிகழ்கிறது. அதற்குப் பல்லாங்குழியினும் சிறந்த ஆசிரியர் இல்லை. 14 குழிகளில் ஒவ்வொரு முத்தாக இட்டுச் செல்லும்போது, ஒரு சொல், ஒரு முத்து, ஒரு குழி என்னும் இணைப்பு தானே பதிகிறது.

மொழியில் காதே முதலாசிரியர். கதை, விடுகதை, தாலாட்டு, கேள்விக்கு மேல் கேள்வி ஆகியவற்றால் வீட்டுமொழி செழித்த பின்னரே எழுத்துக்குப் பொருள் உண்டு. எழுத்தைத் தொடங்கும்போதும், 'அ' என்பது சுழியும் வளைவும் கொண்ட கடினமான வடிவம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 'ட' இரண்டே கோடு. 'ப' மூன்றே கோடு. இவற்றோடு 'ம' சேர்ந்தால் 'படம்', 'மடம்', 'பட்டம்' என்னும் சொற்கள் பிறந்துவிடுகின்றன. 247 எழுத்தும் முடியும்வரை ஒரு சொல்லும் படிக்காமல் காத்திருக்க வேண்டிய தேவை குழந்தைக்கு இல்லை.

ஓடுதலும் நொண்டியடித்தலும் முறைக்காகக் காத்திருத்தலும் பாடங்களே என்பதை நீங்களே அறிவீர்கள்.

பசித்த வயிற்றுக்கு எந்தப் பாடத்திட்டமும் பயன்படாது. தாராபாய் மோடக் அம்மையார் 1945இல் மகாராட்டிரத்துப் போர்டி என்னும் ஊரில் சிற்றூர்க் குழந்தைகளுக்கெனப் பணி தொடங்கினார். பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வராமை கண்டு, பள்ளியையே அவர்தம் குடிசை முற்றத்துக்குக் கொண்டுசென்றார். குளிப்பாட்டுவதும் தலை சீவுவதும் அங்கே பாடங்களாயின. கூழாங்கல்லும் விதையும் இலையும் கருவிகளாயின. முற்றத்துப் பள்ளி என்னும் பொருளுடைய 'அங்கன்வாடி' என்ற சொல், 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் நாடெங்கும் பரவியது. நம் அகராதிகளிலும் 'அங்கணம்' என்பதற்கு முற்றம் என்ற பொருள் உண்டு. 1982இல் தமிழ்நாட்டில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளையும் தழுவியது. அந்தச் சோற்றைக் கல்விச் செலவாகவே நான் கருதுகிறேன்.

'அடுத்த வீட்டுக் குழந்தை இரண்டு பக்கம் எழுதுகிறதே' என்று பெற்றோர் கவலையுறுவர். எழுதட்டும். ஆறு வயதில் எழுதத் தொடங்கிய குழந்தை ஓரிரு ஆண்டுகளில் அதனை எட்டிவிடும். ஆனால் எழுத்தைக் கண்டாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பழக்கம் நான்கு வயதில் படிந்தால், அதை அகற்றுவது அத்துணை எளிதன்று.

அப்படியாயின் குழந்தையின் முன்னேற்றத்தை எவ்வாறு அளப்பது? தேர்வு வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். நல்ல ஆசிரியை அதில் நாள்தோறும் இரண்டொரு வரி எழுதுவார்: இன்று நீரைச் சிந்தாமல் வார்த்தாள், பந்தைப் பிறருக்குத் தர மறுத்தாள், பிறகு தானே கொண்டுவந்து கொடுத்தாள், காக்கைக் கதையை மீண்டும் கேட்டாள், முடிவை மாற்றிச் சொன்னாள், ஐந்து புளியங்கொட்டை கேட்டதற்குச் சரியாக ஐந்து தந்தாள்.